மாதிரித் துண்டு

பதினொன்று இருபதுக்கு எண்ண ஆரம்பித்தார், ஒன்று பத்துக்கு முடித்தார். மொத்தம் அறுநூறு புள்ளிகள். பேர் மதிவதனி. அரசுக் கல்லூரியில் நிலவியல் பேராசிரியை. தேதி 2016 செப்டம்பர் 21, புதன்கிழமை.

இவ்வளவு கச்சிதமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, சார். தேதியும் நேரமும் இல்லாத பேச்சுக்கு இந்த நுகர்வோர் மன்றத்தில் மதிப்பு கிடையாது. உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். உங்களுடையது ஃப்ரிட்ஜ் கேஸ்தானே? பில் அசல் இருக்கிறதா? நல்லது. யார் கையிலும் கொடுக்காதீர்கள். உட்காருங்கள். உங்கள் நம்பர் பதினேழு, உள்ளே நாலுதான் ஓடுகிறது. டீ வந்து போகும்வரைக்கும் ஆறைத் தாண்டாது. மூன்று வருஷமாக இந்தப் பெஞ்சில் உட்கார்ந்து எழுந்திருக்கிறேன், எனக்குத் தெரியும்.

அந்த அம்மாள் எண்ணியது ஒரு கல்லை. ரோஸ் கிரானைட். ஆறடிக்கு மூன்றடி, மூன்று அங்குலக் கனம். என் மனைவி பிலோமினாவின் கல்லறைக்காக நான் ஆர்டர் கொடுத்த கல். கொடுத்தது ஒன்று, வந்தது ஒன்று. கேஸ் அவ்வளவுதான்.

என் பேர் பங்கிராஸ். எடையளவு முத்திரை ஆய்வாளராக முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தேன். கடைக்குள் நான் நுழைந்தால் தராசு தானாக நிமிரும் என்று பஜாரில் சொல்வார்கள். கேலிதான், ஆனால் பொய்யில்லை. கண்ணால் பார்த்து, கையால் தூக்கி நான் தீர்ப்புச் சொன்னதே கிடையாது. ஒரு பிஸ்கட் கம்பெனி மேல் வழக்குப் போட வேண்டுமென்றால் முப்பத்திரண்டு பாக்கெட் எடுத்து எடை போடுவேன். ஒரு பாக்கெட் குறைகிறது என்று ஒரு கம்பெனியையே குற்றம் சொல்லக் கூடாது. அது விதி. என் கீழே வேலைக்கு வந்த உதவியாளர்களுக்கு முதல் நாளே இதைத்தான் சொல்வேன். ஒன்றை வைத்து ஒன்றும் தெரியாது என்பேன்.

வீட்டிலும் நான் அப்படித்தான். எங்கள் வீட்டுக்குத் தயிர் ஊற்ற அருளாயி என்று ஒரு அம்மாள் வரும். அரை லிட்டர் தயிருக்கு முக்கால் மணி நேரப் பேச்சு. வாசற்படியில் அது உட்கார்ந்திருக்கும், பிலோமினா நிலைக்கால் பக்கம் நின்றிருப்பாள். என்ன பேசிக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் அருளாயியின் அளவுக் குவளையை வாங்கிச் சோதித்தேன். இருபது மில்லி குறைவு, முத்திரையும் இல்லை. பறிமுதல் செய்தேன். பிலோமினா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அப்புறம் அவளே முத்திரைக் குவளை ஒன்று வாங்கி அருளாயிக்குக் கொடுத்திருக்கிறாள். அது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. சரி, அது வேறு விஷயம். அருளாயி பின்னால் வரும், அதனால் சொன்னேன்.

பிலோமினா இறந்தது 2014 பிப்ரவரி 11. முப்பத்தாறு வருஷத் தாம்பத்தியம். நாங்கள் கத்தோலிக்கர்கள், அடக்கம்தான். எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோயிலைச் சேர்ந்தவர்களுக்கு, கல்லறைத் தோட்டம் சின்னது, சனம் பெருகிவிட்டது. மண் மேட்டை மூடி, மேலே கல் பதித்துப் பேர் வெட்டிவிட்டால் அது குடும்பக் குழி, யாரும் தொட மாட்டார்கள். மேடாகவே கிடந்தால் மூன்று கல்லறைத் திருநாள் வரைக்கும் பொறுப்பார்கள். கல்லறைத் திருநாள் தெரியுமா சார், நவம்பர் இரண்டு. அன்றைக்குத்தான் எல்லாரும் குழியைச் சுத்தம் செய்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவோம். சாமியார் வந்து தீர்த்தம் தெளிப்பார். அப்படி மூன்று தடவை போன பிறகும் கல் ஏறவில்லை என்றால் அது பொதுக்குழி. அடுத்து இறப்பவருக்கு அதைத் தோண்டலாம். பங்குப் பேரவை, கோயில் நிர்வாகக் குழு, போட்ட விதி. விதியை நான் குறை சொல்லவில்லை. எனக்கு இரண்டரை வருஷத்துக்கு மேல் அவகாசம் இருந்தது.

அந்த வருஷமே ஜூலை மாதம் கோமேதகம் கிரானைட்ஸுக்குப் போனேன். நாற்கர ரோட்டில் டோல்கேட்டுக்கு முன்னால் இருக்கிற கடை. முதலாளி கோவர்த்தனன். சுவரில் பலகை அடித்து, உள்ளங்கை அகலத் துண்டுகளாக இருபத்தாறு கல் தொங்கவிட்டிருந்தான். கறுப்பு, பச்சை, பழுப்பு, வெள்ளை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். பதினெட்டாம் நம்பர் ரோஸ். பார்த்ததும் இதுதான் என்று தெரிந்துவிட்டது. பிலோமினாவுக்கு ரோஸ் என்றால் உயிர். எங்கள் கல்யாண வெள்ளிவிழா போட்டோவில் ரோஸ் பட்டுச்சேலைதான் கட்டியிருக்கிறாள். அந்தப் போட்டோ இப்போதும் ஹாலில் இருக்கிறது.

"சார், அது நல்ல கல்லு. தேய்ச்சா முகம் தெரியும். ஆனா யார்டுல முழுக் கல்லு கெடக்கு, ஒரு எட்டு வந்து பாத்துருங்க" என்றான்.

வெயில் கொளுத்தியது. யார்டு ஒன்றரைக் கிலோமீட்டர். வேண்டாம் என்றேன். பலகையிலிருந்து அந்தத் துண்டைக் கழற்றச் சொல்லி வாங்கிக்கொண்டேன். பில்லில் 'மாதிரி எண் 18-இன்படி' என்று என் எதிரிலேயே எழுத வைத்துக் கையெழுத்து வாங்கினேன். முப்பத்தோரு வருஷ அனுபவம், சார். பேச்சு மாறலாம், பில் மாறாது.

இதோ, இதுதான் அந்தத் துண்டு. பிடித்துப் பாருங்கள், பரவாயில்லை. என்ன ரோஸ் பார்த்தீர்களா. மூன்று வருஷம் சட்டைப் பையிலேயே வைத்திருந்ததில் இரண்டு சட்டைக்குப் பை கிழிந்துவிட்டது. பிலோமினா இருந்தால் தைத்திருப்பாள். மன்றத்தில் அசலை ஒப்படையுங்கள் என்றார்கள். கேட்கும்போது காட்டுகிறேன், பிரிய மாட்டேன் என்று மெமோ போட்டேன். ஏற்றுக்கொண்டார்கள்.

அக்டோபர் 28, செவ்வாய்க்கிழமை கல் வந்தது. கல்லறைத் தோட்டத்து வாசலில் லாரி. கொத்தனார் சிமெண்ட் குழைத்து வைத்திருந்தார். உபதேசியார் சந்தியாகு (எங்கள் கோயில் காரியங்களையும் கல்லறைப் பதிவேட்டையும் பார்த்துக்கொள்கிறவர்) பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். ஆறு பேர் கடப்பாரையைக் கொடுத்துக் கல்லை இறக்கினார்கள். பேர் வெட்டியிருந்தது. பிலோமினா பங்கிராஸ், பிறப்பு, இறப்பு. அதன் கீழே என் பேரும் என் பிறந்த தேதியும் ஒரு கோடும். கோட்டுக்கு அந்தப் பக்கம் காலி. இரண்டு பேருக்கும் ஒரே கல். அது என் யோசனைதான்.

நான் துண்டை எடுத்துக் கல் மேல் வைத்தேன். வைத்ததும் தெரிந்துவிட்டது. துண்டு ரோஸ். கல் ரோஸ் இல்லை. ரோஸ் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நடுநடுவே சாம்பல், வெள்ளை, கறுப்புப் பொட்டு. தூரத்தில் நின்று பார்த்தால் வெளுத்துப்போன செம்மண் மாதிரி.

"தண்ணி ஊத்திப் பாருங்க சார், ரோஸ் தூக்கும்" என்று லாரியோடு வந்த கோவர்த்தனன் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினான். தூக்கத்தான் செய்தது.

"மழை பெய்யாத நாளில் என்ன செய்வது?" என்று கேட்டேன்.

"சார், அதே மல, அதே பிளாக்கு. பிள்ளையார் சத்தியமா வேற கல்லு இல்ல."

"எனக்கு மலை தேவையில்லை. மாதிரி தேவை."

உபதேசியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இன்ஸ்பெக்டர் சார், இறக்குன கல்லைத் திருப்பி ஏத்துறது நல்லாயில்ல. அம்மா என்ன, வெளிய நின்னா பாக்கப் போறாங்க? அவங்க அடியில இருக்காங்க."

"அவளுக்காக இல்லை உபதேசியார். பில்லுக்காக" என்றேன்.

ஆறு பேரும் மறுபடியும் கல்லை லாரியில் ஏற்றினார்கள். கொத்தனார் குழைத்த சிமெண்டை வாசற்படியில் விரிசல் விட்ட இடத்தில் பூசிவிட்டுப் போனார். டிசம்பரில் புகார் தாக்கல் செய்தேன். வக்கீல் வைக்கவில்லை, நானேதான். இங்கே அதற்கு அனுமதி உண்டு. நீங்களும் வைக்காதீர்கள்.

கல் கோவர்த்தனன் யார்டிலேயே கிடந்தது. வழக்குப் பொருள் என்பதால் இருக்கிற நிலையில் இருக்க வேண்டும், அசைக்கக் கூடாது என்று உத்தரவு வாங்கிவிட்டேன். வாரம் ஒரு தடவை போய்ப் பார்த்து வருவேன். ஒரு நாள் போனால் அறுப்பு மிஷின்காரர்கள் நாலு பேர் அதைச் சுற்றி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கிளாஸைச் சரியாக என் பேர் மேல் வைத்திருந்தார்கள். போட்டோ எடுத்தேன். சான்றாவணம் பதினொன்று. அதில் ஒருத்தன், "உங்க பேரு மேல சூடா எதும் வைக்க மாட்டோம் சார்" என்று கிளாஸை நகர்த்தி வைத்தான். நகர்த்தியது பிலோமினா மேல். அதையும் ஒரு போட்டோ எடுத்தேன்.

இரண்டாவது கல்லறைத் திருநாள், 2015. திருப்பூரிலிருந்து என் மகள் பிரின்சி வந்தாள். ஒரே மகள். பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள். ஒரு கூடை செவ்வந்தி வாங்கி வந்து மேடு முழுக்கப் பரப்பினாள். சுற்றிலும் எல்லாக் குழியிலும் கல். டைல்ஸ் ஒட்டியவை, மொசைக் போட்டவை, சிலுவை நட்டவை. எங்களுடையது மட்டும் மண். மன உளைச்சலுக்கு நிரூபணம் வேண்டுமே, சார். கேமராவை எடுத்தேன். ஆனால் பூவில் மேடு மறைந்து கிடக்கிறது. பார்ப்பதற்கு அலங்காரமாகத் தெரிகிறது.

"பிரின்சி, பூவை ஒரு நிமிஷம் எடு. மேடு வெறுமையாத் தெரியணும்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து ஒவ்வொரு கை அளவாக அள்ளிக் கூடையில் போட்டாள். நாலு போட்டோ எடுத்தேன், நல்ல வெளிச்சம். "இப்போ வச்சுக்கோ" என்றேன். அவள் கூடையை எனக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டாள். சாமியார் தீர்த்தம் தெளிக்க வந்தபோது பூவை நான்தான் பரப்பினேன். எனக்கு அவ்வளவு அழகாக வரவில்லை.

அன்று இரவு போனில்தான் சொன்னாள். "அப்பா, அம்மாவுக்கு ரோஸ் பிடிக்கவே பிடிக்காது."

"வெள்ளிவிழா போட்டோவைப் பார்" என்றேன்.

"அந்தச் சேலை நீங்க எடுத்துக் குடுத்தது. அதனால கட்டுனாங்க. அன்னைக்கு ஒரு நாள்தான் கட்டுனாங்க, பீரோவுல மடிப்புக் கலையாம இருக்கு, போய்ப் பாருங்க. என் மேல பாரமா எதும் வச்சிராதீங்க, ஒரு நந்தியாவட்டை நட்டாப் போதும்னு எங்கிட்ட சொல்லியிருக்காங்க."

"எழுத்தில் இருக்கிறதா?" என்று கேட்டேன்.

வைத்துவிட்டாள். சார், வாய்மொழி வாய்மொழிதான். நான் என்ன செய்ய முடியும். பீரோவைத் திறந்து பார்த்தேன், சேலை இருந்தது. மடிப்பைப் பற்றி எனக்கு என்ன தெரியும்.

அந்த வருஷம் முழுக்க நான் கல்லைப் படித்தேன். நூலகத்தில் நிலவியல் புத்தகம் எடுத்து நோட்டுப் போட்டேன். முத்திரை பார்க்கிற பழைய பூதக்கண்ணாடி இருந்தது. கிரானைட்டில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள், சொல்கிறேன். ஒன்று, இந்த ரோஸ் மணி. ஃபெல்ட்ஸ்பார் என்று பேர், பொட்டாசியம் சேர்ந்தது. ரோஸ் நிறம் அதனுடையது கூட இல்லை, உள்ளே இம்மியளவு இரும்புத் துரு. இரண்டு, கண்ணாடி மாதிரி சாம்பலாகத் தெரிவது குவார்ட்ஸ். ஆற்று மணல் பாதிக்கு மேல் இதுதான். மூன்று, வெள்ளை ஃபெல்ட்ஸ்பார், அது வேறு ஜாதி. நாலு, கறுப்புப் பொட்டு. காக்காப்பொன், நகத்தால் கீறினால் ஏடு ஏடாக வரும். பூமிக்கு அடியில் கிலோமீட்டர் கணக்கான ஆழத்தில் குழம்பாக இருந்து, லட்சக்கணக்கான வருஷம் மெதுவாக ஆறியிருக்கிறது. மெதுவாக ஆறினால் மணி பெரிதாகும். அவசரமாக ஆறியிருந்தால் பொடியாக இருந்திருக்கும். இதை நான் தனியாக உட்கார்ந்து படித்தேன், யாரும் சொல்லித் தரவில்லை. ராத்திரி சாப்பாட்டுக்கு உப்புமா கிண்டிக்கொண்டே வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன்.

மன்றம் என் மனுவை ஏற்று நிபுணரை நியமித்தது. அவர்தான் நான் முதலில் சொன்ன மதிவதனி மேடம். சின்ன வயசுதான், நாற்பது இருக்கும். யார்டுக்கு வந்து கல்லைத் துடைக்கச் சொன்னார். கட்டம் போட்ட ஒரு கண்ணாடித்தாளை விரித்தார். கோடும் கோடும் வெட்டுகிற ஒவ்வொரு புள்ளிக்கும் அடியில் என்ன மணி இருக்கிறது என்று பார்த்துச் சொல்லிக்கொண்டே, அவரே நோட்டில் கோடு போட்டார். ரோஸ், கண்ணாடி, ரோஸ், வெள்ளை, கறுப்பு, கண்ணாடி. அறுநூறு. பக்கத்தில் நின்று நானும் தனியாக எண்ணினேன். ஒன்பது புள்ளிகளில் எனக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை. அதற்குத் தனி மனு கொடுத்திருக்கிறேன்.

பிறகு என் துண்டை வாங்கி அதிலும் நூறு புள்ளி எண்ணினார். துண்டில் ரோஸ் எழுபத்தொன்று. கல்லில் நூற்றுக்கு நாற்பத்து மூன்று.

நான் கோவர்த்தனனைப் பார்த்தேன். "எழுபத்தொன்று எங்கே, நாற்பத்து மூன்று எங்கே? வேறு கல் இல்லை என்றாயே."

"மேடம், நீங்களே சொல்லுங்க மேடம்" என்றான் அவன்.

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார். "ரெண்டும் ஒரே கல்லுதான் சார். சந்தேகமே இல்ல. இது பெருமணிக் கல். ஒவ்வொரு மணியும் கட்டைவிரல் நகம் அகலம், சிலது அதைவிடப் பெரிசு. உங்க துண்டு உள்ளங்கை அளவு. அதுல ரோஸ் மணியா நாலஞ்சு சேர்ந்து விழுந்திருக்கு. ஒரு சாண் தள்ளி வெட்டியிருந்தா சாம்பலா இருந்திருக்கும். பொடிமணிக் கல்லுன்னா கைத்துண்டே போதும். இந்தக் கல்லை முழுசாப் பாக்கணும், கொஞ்சம் தள்ளி நின்னு பாக்கணும். துண்டு பொய் சொல்லல சார். அதுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

"மேடம், நான் ஆர்டர் கொடுத்தது துண்டுக்கு" என்றேன்.

"முழுக் கல்லை யாரும் காட்டலையா?"

"கூப்பிட்டேன் மேடம். வெயில்னாரு" என்றான் கோவர்த்தனன்.

அவர் கல் பக்கம் திரும்பினார். கல்லில் வெட்டியிருந்த பேரைப் படித்தார். "இவங்க உங்க மிஸஸா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "ஸாரி சார்" என்றார். எதற்கு ஸாரி என்று புரியவில்லை. அறிக்கை அப்படியொன்றும் எனக்குப் பாதகமாக இல்லை. மாதிரிக்கும் கல்லுக்கும் வித்தியாசம் இருக்கிறது என்று அறிக்கையே ஒப்புக்கொள்கிறதே. ஏன் வித்தியாசம் என்பது என் கவலையில்லை.

ஆறா? இல்லை, ஐந்தாம் நம்பர்தான் கூப்பிடுகிறார்கள். உட்காருங்கள்.

அந்த நவம்பரோடு மூன்று கல்லறைத் திருநாள் முடிந்தது. உபதேசியார் சந்தியாகு வீட்டுக்கே வந்தார். நல்ல மனிதர், அதில் எனக்குச் சந்தேகமில்லை. தண்ணீர் கூடக் குடிக்காமல் விஷயத்துக்கு வந்தார்.

"சார், பேரவையில கேக்குறாங்க. தை மாசம் ஓல வாசிச்சிருவாங்க. எனக்கே சங்கடமா இருக்கு. நாலு வரிசை செங்கல் வச்சு, மேல சிமெண்டப் பூசிவிடுங்க. ஒரு நாள் வேலை. பேர ஆணியால கீறினாலும் போதும், கட்டின குழின்னு நான் எழுதிக்கிறேன். உங்க ரோஸ் கல்லு வர்றப்போ வரட்டும், இதுக்கு மேல ஒட்டிக்கலாம்."

"முடியாது உபதேசியார்."

"ஏன் சார்?"

"சிமெண்ட் பூசினால் எனக்குக் கல் தேவையில்லை என்று ஆகிவிடும். எதிர்தரப்பு அதைப் போட்டோ எடுத்துத் தாக்கல் செய்யும். நான் அதே மாதிரி எடுத்தவன்தானே. எனக்குத் தெரியாதா."

அவர் கொஞ்ச நேரம் ஹாலில் இருந்த போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மா ரொம்பப் பொறுமசாலி சார்" என்றார். ஆமாம், பொறுமைசாலிதான் என்றேன்.

ஓலை வாசித்தார்கள். எங்களிடம் கல்யாணத்துக்குத்தான் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்று. குழிக்கும் அதே மாதிரி. 2017 ஜனவரியில் மூன்று ஞாயிறு, பூசை முடிந்ததும், "கட்டப்படாத குழிகள்" என்று ஐந்து பேர் பேரைப் படித்தார்கள். மூன்றாவது பேர் பிலோமினா. நான் கோயிலில்தான் இருந்தேன். எழுந்து நின்று சத்தம் போடுகிற ஆள் நான் இல்லை. திங்கட்கிழமை பங்குச் சாமியாருக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன். வழக்கு நிலுவையில் உள்ளது, தீர்ப்பு வரும்வரை மேல்நடவடிக்கை கூடாது என்று. ஒப்புகை அட்டை வந்தது, வைத்திருக்கிறேன். சாமியாரும் நாலு மாதம் பொறுத்தார் என்றுதான் சொல்ல வேண்டும். மற்ற நாலு குழிகளின் விஷயமும் அதற்குள் முடிந்துவிட்டது. இரண்டு குடும்பம் அவசரமாகச் சிமெண்ட் பூசியது. இரண்டு பொதுக்குழி ஆகி, அவற்றில் வேறு ஆட்களை அடக்கமும் செய்தாகிவிட்டது.

ஏப்ரல் 26, புதன்கிழமை தீர்ப்பு. ஜெயித்தேன், சார். 'மாதிரியின்படி' என்று பில்லில் எழுதிக் கொடுத்தபின், மாதிரிக்கு ஒத்த கல்லைத் தருவது கடமை. பெருமணிக் கல்லைக் கைத்துண்டாகக் காட்டி விற்றது சேவைக் குறைபாடு. நாற்பத்தைந்து நாளில் மாற்றுக் கல் தர வேண்டும். உள்ளே நோட்டீஸ் பலகை இருக்கிறதே, அதில் முக்கியத் தீர்ப்பு என்று கொஞ்ச நாள் ஒட்டியிருந்தார்கள்.

கோவர்த்தனன் வெளியே வந்து என் கையைப் பிடித்தான். கோபமே இல்லை. "சார், நான் அன்னைக்கே உங்களைக் கூட்டிட்டுப் போயி யார்டக் காட்டியிருக்கணும். என் ஸ்கூட்டர்ல பின்னால ஏத்திட்டுப் போயிருந்தா பத்து நிமிஷம். விட்டுட்டேன்" என்றான். தப்பை அவனே ஒப்புக்கொண்டான் பாருங்கள். அந்த மலையில் ஒரு இடத்தில் ரோஸ் மணி மட்டும் திரண்டு பட்டையாக ஓடுகிறதாம். அதிலிருந்து தனியாக அறுத்துத் தருகிறேன் என்றான். பழைய கல்லை என்ன செய்வாய் என்று கேட்டேன். பேரை இழைத்து எடுத்துவிட்டுப் படிக்கல்லாகப் போடலாம் என்றான்.

இப்போது நீங்கள் கேட்பீர்கள், ஜெயித்த பிறகு எதற்கு இந்தப் பெஞ்சு என்று. புது மனு, சார். பங்குப் பேரவை மேல். குழிக் கட்டணம் கட்டியிருக்கிறேன், ரசீது இருக்கிறது. கட்டணம் வாங்கினால் சேவை, சேவை என்றால் நான் நுகர்வோர். எழுத்தர் இதை எடுக்கவே மாட்டேன் என்கிறார். மூன்று தடவை திருப்பிவிட்டார். இன்றைக்கு நாலாவது. இரண்டாம் எதிர்மனுதாரராக பிரின்சியைச் சேர்த்திருக்கிறேன். அப்படிப் பார்க்காதீர்கள், கோபத்தில் சேர்க்கவில்லை. சம்மதக் கையெழுத்துப் போட்டது அவள். கையெழுத்துப் போட்டவரை விட்டுவிட்டால் மனு நிற்காது. அது நடைமுறை. நான் அனுப்பிய நோட்டீஸ் போன பிறகு அவளிடமிருந்து போன் இல்லை. வேலை இருக்கும்.

அருளாயி என்று ஒரு தயிர்க்கார அம்மாளைச் சொன்னேன் இல்லையா. மே மாதம் அது இறந்துபோனது. பிள்ளை குட்டி கிடையாது, சொந்தக் குழி கிடையாது. பொதுக்குழிதான் வேண்டும், அப்போது இருந்த ஒரே பொதுக்குழி பிலோமினாவுடையது. உபதேசியார் என்னைக் கேட்காமல் செய்யவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். கூப்பிட்டிருக்கிறார். நான் அன்றைக்கு இங்கே தீர்ப்பின் சான்றிட்ட நகல் வாங்க வந்திருந்தேன். மன்றத்துக்குள் செல்போனை அணைத்து வைக்க வேண்டும், விதி. ஏழு அழைப்பு. அப்புறம்தான் பிரின்சியைக் கூப்பிட்டிருக்கிறார். அவள் திருப்பூரிலிருந்து வாடகைக் கார் பிடித்து வந்து கையெழுத்துப் போட்டிருக்கிறாள். நந்தியாவட்டைச் செடி ஒன்று கொண்டுவந்து தலைமாட்டில் நட்டும் இருக்கிறாள்.

ஊருக்கு வந்து, கல்லறைத் தோட்டத்தில் வைத்துக் கேட்டேன். "யாரைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டாய்?"

"அம்மா வாயத் தெறந்து பேசுனது அருளாயி அத்தகிட்ட மட்டும்தான்ப்பா. இப்போ பக்கத்துல வந்திருக்கு. இருக்கட்டும்."

"பக்கத்தில் இல்லை, மேலே. ஒரே குழி" என்றேன்.

அவள் நந்தியாவட்டைக்குத் தண்ணீர் ஊற்றினாள். அந்த அம்மாளின் பழைய குவளை ஒன்றை மேட்டின் மேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள். எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். முத்திரை இருந்தது, என் காலத்து முத்திரை. அளவு சரி.

2017 மே 19, வெள்ளிக்கிழமை, மாலை நாலரை மணிக்கு அருளாயியை அந்தக் குழியில் அடக்கம் செய்தார்கள். ஜூன் 5, திங்கட்கிழமை மாற்றுக் கல் என் வீட்டுக்கு வந்தது. துண்டை வைத்துப் பார்த்தேன். பொருந்துகிறது.